பவுடர் பனியில் எப்படித் திரும்புவது: குட்டித் திருப்பமா, பெரிய வளைவா, வழுக்கித் திரும்புவதா?

ஸ்கீ மாட்டிக்கொண்டு சிவப்பு (நடுத்தரக் கடின) பாதைகளில் தடுமாறாமல் இறங்குவேன், சீனப் புத்தாண்டு விடுமுறையோடு சில நாள் சேர்த்து ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள நிசேகோ போகிறேன், அங்கே முழங்கால் ஆழப் பவுடரில், அதாவது இறுகாத புதுப்பனியில், எந்தத் திருப்பம் எடுபடும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: முதலில் நடுத்தர அளவில், வட்டமாக, இரண்டு கால்களிலும் சமமாக எடை போட்டுத் திரும்பப் பழகுங்கள். குட்டித் திருப்பம் அடுத்து. வழுக்கித் திரும்புவது அதற்கும் அப்புறம். யூடியூபில் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாகத் தெரியும். நம்ப வேண்டாம்.

சமன்படுத்திய சரிவில் நாம் திரும்புவது பெரும்பாலும் வெளிக்காலை நம்பித்தான். வெளி ஸ்கீயின் விளிம்பு கெட்டிப்பனியைக் கடிக்கும், உள் ஸ்கீ சும்மா கூடவே வரும். பவுடரில் கடிக்க ஒன்றும் கிடையாது. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ஹொக்கைடோவில் கொட்டுகிறது. அந்தப் பனி கையில் உருட்டினால்கூட ஒட்டாத அளவுக்கு லேசு. அதில் ஒரு காலில் எடையைப் போட்டால் அந்த ஸ்கீ மட்டும் ஆழத்துக்குப் போகும், மற்றது மேலே மிதந்து வேறு பக்கம் ஓடும். பிறகென்ன, கால்கள் அகன்று குப்புற விழ வேண்டியதுதான். அதனால் கால்களை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நெருக்கி, இரண்டையும் ஒரே பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது திருப்பத்துக்கு வருவோம். சரிவு நேராக இறங்கும் திசையிலேயே கொஞ்சம் வேகம் பிடியுங்கள். வேகம் இல்லாவிட்டால் ஸ்கீ மிதக்காது. பயந்து மெதுவாகப் போகிறவர்களைத்தான் பவுடர் படுத்தி எடுக்கும். வேகம் வந்ததும் இரண்டு கால்களாலும் சீராக அழுத்துங்கள். காலடியில் பனி இறுகி, ஒரு கட்டத்தில் உங்களைத் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளலில் உடம்பு லேசாகும், ஸ்கீயின் மூக்கு பனிக்கு வெளியே எட்டிப் பார்க்கும். திரும்ப வேண்டிய நொடி அதுதான். இரண்டு முழங்கால்களையும் சேர்த்து அடுத்த பக்கம் சாய்த்து, கோலை லேசாகத் தொட்டெடுத்து, மறுபடி அழுத்துங்கள். மூக்கு வெளியே வருவதற்குள் அவசரப்பட்டு முறுக்கினால் பனி பக்கவாட்டில் முட்டி நிறுத்திவிடும். வேகத்தைக் குறைக்கத் திருப்பத்தை முழுசாக வட்டமடித்து முடித்தாலே போதும், பிரேக் மாதிரி எதுவும் தேவைப்படாது.

குட்டித் திருப்பம் இதே வேலைதான், தாளம் மட்டும் வேகமானது. ஸ்கீகள் ஒல்லியாக இருந்த காலத்தில் பவுடரில் இறங்கியவர்கள் துள்ளித் துள்ளி இப்படித்தான் இறங்கினார்கள். நிசேகோவின் பிர்ச் மரங்களுக்கு நடுவே நுழைய ஆசை என்றால் இது இல்லாமல் முடியாது. ஆனால் தொடையைப் பிழிந்துவிடும். பெரிய வளைவுக்கு அகலமான, காலியான சரிவும் துணிச்சலும் வேண்டும்; பழகாதவருக்கு வேகம் கைமீறிப் போகும். குதித்துத் திரும்புவது செங்குத்தான ஒடுக்கமான இடங்களுக்கானது, உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

வழுக்கித் திரும்புவது என்றால், ஸ்கீயை அதிகம் சாய்க்காமல், அதன் வாலைப் பக்கவாட்டில் நழுவ விட்டுத் திரும்புவது. இதைப் பரவலாக்கியதில் ஸ்கீ வீரர் ஷேன் மெக்கான்கிக்குப் பெரிய பங்கு உண்டு. 2001-ல் அலாஸ்காவில் தண்ணீர்ச் சறுக்குப் பலகைகளையே மாட்டிக்கொண்டு பனிமலையில் இறங்கிக் காட்டிய ஆள். மறு வருடம் அவர் யோசனையில் வோலன்ட் நிறுவனம் ஸ்பாட்டுலா என்ற ஸ்கீயைக் கொண்டுவந்தது: நடுவில் அகலம், மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். சுகமான திருப்பம், நான் மறுக்கவில்லை. ஆனால் அது கன்னிப்பனிக்கானது. காலையிலேயே கூட்டம் வந்து உழுதுவிட்ட பனியில் பக்கவாட்டில் நழுவினால், ஏதோ ஒரு கட்டியில் விளிம்பு மாட்டிக்கொள்ளும். அழுத்தித் திரும்பத் தெரிந்தவர் அந்த நிலையிலும் தப்பித்துவிடுவார்.

கூட வரும் யாராவது "பின்னால சாய்ஞ்சுக்குங்கண்ணே, மூக்கு தானா மேல வரும்" என்று சொல்வார்கள். மூக்கு வரும், உண்மைதான். ஆனால் ஸ்கீயைத் திருப்புகிற பிடி போய்விடும், பாதி ஓட்டத்திலேயே தொடை எரியத் தொடங்கும். பாதத்தின் நடுவில் நின்றால் போதும். மூக்கை மிதக்க வைக்கும் வேலையை ஸ்கீயின் அகலத்திடம் விட்டுவிடுங்கள். சமன்படுத்திய சரிவுக்கான ஸ்கீ நடுவில் 70 முதல் 85 மில்லிமீட்டர் வரை இருக்கும். வாடகைக் கடையில் 100-லிருந்து 110 வரை கேட்டு வாங்குங்கள், வித்தியாசம் முதல் திருப்பத்திலேயே தெரியும்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு என்ன தயார் செய்யலாம்? உள்ளரங்கில் நகரும் பாயில் பயிற்சி எடுத்தால் விளிம்புப் பழக்கம் வரும், பவுடர் வராது. அதைவிட, வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் மின்தூக்கியில் மேலே போய்ப் படியில் இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஸ்கீக்குத் தேவையான தொடை வலுவைத் தரும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஏன் எப்போதும் படியிலேயே வருகிறாய் என்று கேட்பார், பரவாயில்லை.

ஸ்கீ கழன்று பனிக்குள் புதைந்தால், விழுந்து கிடக்கும் இடத்துக்கு மேலே, கழன்ற இடத்தையொட்டித் தேடுங்கள். கோலால் சரிவுக்குக் குறுக்காகக் கீறிக்கொண்டே வந்தால் தட்டுப்படும். தாழ்ந்த கிளை உள்ள மரங்களின் அடியில் பனி உள்ளீடற்று இருக்கும். தலைகீழாக உள்ளே போனால் தனியாக வெளியே வருவது கடினம், மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. எனவே மரங்களுக்குள் ஜோடியாகப் போங்கள், ஒருவர் கண்ணில் மற்றவர் படும் தூரத்தில் இருங்கள். ஸ்கீ பகுதியின் எல்லைக் கயிற்றைத் தாண்டாதீர்கள், நிசேகோவில் வெளியே போவதற்கென்றே வாயில்கள் இருக்கின்றன. அவை மூடியிருந்தால் அன்றைக்கு உள்ளேயே ஓட்டுங்கள்.