வாசகர் கேள்வி-பதில்: வீட்டில் படகுக்கு ஒரு கொட்டகை

கேள்வி: வேதாரண்யம் பக்கத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உள்ளே, உப்பாற்றங்கரையில் எங்கள் வீடு இருக்கிறது. 22 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். தொழிலுக்குப் போகாத நாள்களில் அது வீட்டுக் கொல்லையில் வெயிலில் கிடக்கிறது. தார்ப்பாயைப் போட்டு மூடிவைத்தேன். ஒரு மழைக்காலத்துக்குள் உள்ளே பூசணம் பிடித்துவிட்டது. வெளிப்புறத்தைக் கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. தகரக் கொட்டகை போடும் அளவுக்கு வசதி இல்லை. குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

பதில்: கையில் ஒட்டும் அந்த வெள்ளைப் பொடி, படகின் மேற்பூச்சு வெயிலில் சிதைந்து உதிர்வதன் அடையாளம். ஃபைபர் படகுக்கு மழையைக் காட்டிலும் வெயில்தான் பெரிய பகை என்பதால், தாங்கள் முதலில் தேட வேண்டியது நிழல். தார்ப்பாயைப் படகின் மேலேயே இழுத்துக் கட்டியதுதான் பூசணத்துக்குக் காரணம்: பகலில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, இரவில் பாயின் அடிப்புறத்தில் நீர்த்துளியாகத் தங்கி, மீண்டும் படகுக்குள்ளேயே சொட்டுகிறது. எங்கள் வீட்டிலும் இதே தவறு நடந்தது. பாயின் நடுவில் தேங்கிய தண்ணீரின் கனத்தில் ஒரு பக்கக் கயிறு அறுந்து, அத்தனை நீரும் படகுக்குள் கொட்டியதைக் காலையில்தான் பார்த்தோம். ஆகவே படகுக்கும் கூரைக்கும் இடையில் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி வேண்டும். நாலு பக்கமும் காற்று ஓட வேண்டும்.

தகரம் வாங்க முடியாததைப் பற்றித் தாங்கள் வருந்த வேண்டியதில்லை. உப்புக்காற்றில் தகரம் ஆணித் துளையிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். புயலில் பிய்த்துக்கொண்டால் பறக்கும் கத்தியாகிவிடும். தங்கள் ஊருக்குச் சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றும் போதும். பனையோலை கிடைத்தால் இன்னும் நல்லது; கீற்றைவிடக் கூடுதல் காலம் தாங்கும்.

கொட்டகை 28 அடி நீளம், 12 அடி அகலம் இருக்கட்டும். அப்படி இருந்தால் படகின் இரு பக்கமும் 3 அடி இடம் கிடைக்கும். நின்று கழுவவும் பழுது பார்க்கவும் முடியும். பக்கத்துக்கு 5 கால்கள், 7 அடிக்கு ஒன்றாக, மொத்தம் 10 கால்கள். ஒவ்வொன்றும் 10 அடி நீளக் கம்பாக இருந்தால் 3 அடி மண்ணுக்குள் போக, 7 அடி வெளியே நிற்கும். கம்பு இற்றுப்போவது மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான். அதனால் அடிப்பகுதியை மேல்தோல் கருகும் அளவுக்கு நெருப்பில் வாட்டி, ஆறியபின் தார் பூசி, அந்தப் பூச்சு தரைக்கு மேலும் அரை அடி தெரியும்படி நடுங்கள். மணல் இறுகிப் பிடிக்காது. எனவே குழியைச் சுற்றிச் செங்கல் உடைசலைப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும்.

பலரும் இடறும் இடம் முகடு. வீட்டுக் கொட்டகைக்குச் செய்வதுபோல நடுவில் முகட்டுக்கால் நட்டால் படகை உள்ளே தள்ள முடியாது. எதிரெதிர்க் கால்களைக் குறுக்கு விட்டத்தால் இணைத்து, அந்த விட்டத்தின் நடுவில் 4 அடி உயரக் குட்டைக்கால் நிறுத்தி, அதன்மேல் முகட்டுக் கம்பை ஏற்றுங்கள். 11 அடி உயர முகட்டிலிருந்து இரு பக்கமும் இறங்கும் இந்தச் சரிவில் மழைநீர் நிற்காது. கூரை தட்டையாக இருந்தால் காற்று அதை எளிதில் தூக்கிவிடும். தாழ்வாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம். கால்களுக்கிடையே குறுக்காகச் சாய்த்துக் கட்டும் கழிகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாத கொட்டகை நேராக நிற்பதுபோல் தோன்றி, முதல் பெருங்காற்றிலேயே ஒரு பக்கமாகச் சாயும். கட்டுக்கம்பி கடற்காற்றில் சீக்கிரம் துருவேறும் என்பதால், கட்டுகளுக்குத் தென்னங்கயிறே ஏற்றது. வேய்ந்து முடித்தபின் பழைய மீன்வலையைக் கூரை முழுவதும் போர்த்தி, அதன் ஓரங்களில் மணல் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டால் கீற்று பிரிந்து பறக்காது.

முகடு கிழக்கு மேற்காக ஓடினால் நாள் முழுவதும் நிழல் கிடைக்கும். மேற்கு முனையில் மட்டும் ஒரு தட்டியைத் தொங்கவிடுங்கள், மாலை வெயில் விழாது. உள்ளே, ஏராவின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) அடியில் பழைய டயர்களை மூன்று நான்கு இடங்களில் வைத்துப் படகை அமர்த்துங்கள். அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் (பின்முனை) மட்டும் தாங்கல் கொடுத்தால் நடுவயிறு தொய்ந்துவிடும். அமரம் சற்றுத் தாழ்ந்திருக்க, உள்ளே விழும் நீர் வடியும்படி வடிகால் துளையின் அடைப்பைக் கழற்றி வையுங்கள். தங்கள் படகின் திறந்த பரப்பு ஏறக்குறைய 100 சதுர அடி. அதில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை தேங்கினால் 900 கிலோவுக்கு மேல் கனம் ஏறிவிடும். எஞ்சினையும் பெட்ரோல், மண்ணெண்ணெய் கேன்களையும் கீற்றுக் கூரையின் கீழ் ஒருபோதும் வைக்காதீர்கள்.

இனி மிக முக்கியமான ஒன்று. படகைக் கொட்டகைக் காலில் கட்டவே கட்டாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது வேரோடு சாய்ந்த தென்னைகளைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அத்தகைய காற்றில் சவுக்குக் கால் நிற்கும் என்று நம்ப முடியாது. 3 அடி நீளமுள்ள பனங்கட்டைகளைப் படகின் இரு பக்கமும் 4 அடி ஆழத்தில் படுக்கைவாக்கில் புதைத்து, அவற்றில் பிணைத்த கயிற்றால் படகைத் தனியாகக் கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தவுடன், நேரம் இருந்தால், கீற்றைப் பிரித்து இறக்கிவிடுங்கள். கூரையை மறு வாரமே வேய்ந்துகொள்ளலாம். படகை அப்படி மீட்க முடியாது.

கேள்வி: இதற்கு யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? (அதே வாசகர்)

பதில்: கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை பொருந்தும். கடல் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதால் மட்டும் தாங்கள் விலக்குப் பெற்றதாகாது. அலையேற்றம் உள்ள உப்பாற்றின் கரையையும் அந்த விதிகள் கணக்கில் கொள்கின்றன. கான்கிரீட் தளம் போடாமல், பிரித்து எடுக்கக்கூடிய கொட்டகையாகவே திட்டமிடுங்கள். குழி தோண்டும் முன் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது பலகை வல்லம் (மரப்பலகைகளை இணைத்துச் செய்த படகு). அதற்கும் இதே கொட்டகை போதுமா? (அதிராம்பட்டினத்து வாசகர்)

பதில்: அமைப்பு அதேதான், பராமரிப்பு வேறு. பலகை அளவுக்கு மீறிக் காய்ந்தால் சுருங்கி இணைப்புகள் விரியும். மீண்டும் தண்ணீரில் இறக்கும் நாளில் ஒழுகும். ஆகவே தகரத்தைக் காட்டிலும் கீற்றுக்கூரையின் குளிர்ச்சி வல்லத்துக்கு நல்லது. நெடுநாள் கரையில் கிடக்குமானால் ஈரச் சாக்குகளை உட்புற இணைப்புகளின் மேல் விரித்து வையுங்கள். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பூசுவதானால், பலகை ஈரமின்றிக் காய்ந்திருக்கும் நாளில், சாக்குகளை விரிப்பதற்கு முன்பே பூசி ஊற விடுங்கள். அந்த எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.