கேளுங்க டீச்சர்: நண்டுக்கு என்ன கலர் அடிப்பது?

பதில் சொல்பவர்: தண்டையார்பேட்டையைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை

ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் கலரிங் புத்தகத்தில் எந்த மீன் வந்தாலும் முழுக்க நீலம் அடித்துவிடுகிறாள். விலங்குகளின் நிறங்களை லீவில் வீட்டிலேயே எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- ஒரு தாய், காலடிப்பேட்டை

புத்தகத்தைக் கொஞ்ச நாள் பரண்மேல் போடுங்கள் அம்மா. அதில் கோட்டை யாரோ போட்டு முடித்துவிட்டார்கள். பிள்ளை பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? பஸ் ஏறினால் உங்களுக்குக் காசிமேடு. விடிகாலையில் போக முடியாவிட்டால் தெருவில் மீன் விற்க வருகிற அம்மாவின் கூடையே போதும்.

ஒரு கானாங்கத்தையை மகள் கையில் கொடுத்து, "முதுகு என்ன கலர், வயிறு என்ன கலர்?" என்று மட்டும் கேளுங்கள். முதுகு கருநீலமும் பச்சையும் கலந்து, வயிறு வெள்ளியாக இருப்பதை அவளே சொல்வாள். ஏன் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து அட்டையில் ஒரு மீன் வெட்டி, ஒரு பக்கம் கருநீலம் அடித்து, மறுபக்கம் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். நீலப் பக்கம் மேலே இருக்கும்படி நூலில் படுக்கையாகத் தொங்கவிட்டு, கீழே ஒரு கருநீலப் புடவையை விரியுங்கள். ஸ்டூலில் ஏறி நின்று மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் தரையில் படுத்து, வெள்ளையடித்த கூரையோடு சேர்த்துப் பார்க்கட்டும். பிறகு மீனைத் திருப்பிக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். மேலே பறக்கும் பறவைக்குக் கடல் இருட்டு, அடியிலிருந்து வரும் பெரிய மீனுக்கு வானம் வெளிச்சம்; இரண்டு பேரிடமும் தப்ப வேண்டிய உடம்பு அது. நெத்திலி, மத்தி, சூரை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

புதிதாக இறங்கிய கணவாய் கிடைத்தால் விடாதீர்கள். தோலில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு நிறப்பை. சுற்றியுள்ள தசை இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். செத்த பிறகும் கொஞ்ச நேரம் அவை விரிந்து சுருங்குவதைப் பார்க்கலாம். ஊதாத பலூனில் மார்க்கரால் நெருக்கமாகப் புள்ளி வைத்து, பிறகு ஊதிப் பாருங்கள். புள்ளி விரிவது பிள்ளைக்குக் கண்ணெதிரே தெரியும். உயிருள்ள கணவாய் ஒரு நொடிக்குள் தரைக்கு ஏற்ற மாதிரி மாறிவிடும். ஆனால் அதற்கு நிறங்களைப் பிரித்தறியும் கண் கிடையாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நண்டு வரையும்போது சிவப்பு அடிப்பதா, நீலம் அடிப்பதா என்று வீட்டில் சண்டை. வேகவைத்தால் ஏன் சிவக்கிறது?
- ஒரு வாசகி, ராயபுரம்

குழம்பில் பார்த்த பிள்ளை சிவப்பு என்கிறது, கூடையில் பார்த்த பிள்ளை நீலம் என்கிறது. இரண்டு பேருக்கும் மார்க் போடுங்கள். நண்டின் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி முன்பே இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை நீலமாகவோ பச்சையாகவோ தெரியும். சூட்டில் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளியே வருகிறது. இறாலிலும் இதுதான் நடக்கிறது. நீலக்கால் நண்டில் ஆண்தான் நல்ல நீலம், பெண் மங்கல் பழுப்பு. முதுகில் மூன்று சிவப்புப் புள்ளி உள்ள நண்டு வேறு வகை. சமைப்பதற்கு முன் ஒரு படம், இறக்கிய பின் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். பழவேற்காடு பக்கம் போனால் பூநாரையையும் காட்டுங்கள். இதே குடும்பத்து நிறமிகள் இரையோடு உடம்பில் சேர்ந்துதான் அது இளஞ்சிவப்பாகிறது. அதன் குஞ்சு சாம்பல் நிறம்.

எங்க வீட்டுப் பூனை வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூணு கலர். ஃப்ரெண்ட் பார்க்காமலே "பொட்டைப் பூனை"னு சொல்லிட்டான். எப்படி டீச்சர்?
- நாலாம் வகுப்பு மாணவன், வியாசர்பாடி

உன் ஃப்ரெண்ட் சொன்னது கிட்டத்தட்ட எப்போதும் சரி கண்ணா. ஆரஞ்சா கறுப்பா என்று முடிவு செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. அதனால் இரண்டு நிறமும் சேர்ந்து வருவது பெரும்பாலும் பெண்ணுக்குத்தான். வயிற்றில் குட்டியாக வளரும்போதே ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒரு எக்ஸ் ஓய்ந்துவிடும். இதை 1961-ல் மேரி லயான் என்ற விஞ்ஞானி எடுத்துச் சொன்னார். எது ஓயும் என்பதற்கு விதி இல்லை; ஓயாத எக்ஸ் சொல்லும் நிறம்தான் அந்த இடத்தில் தெரியும். வெள்ளைக்குக் காரணம் வேறொரு மரபணு. அரிதாக இரண்டு எக்ஸோடு ஒரு ஒய்யும் சேர்ந்து பிறக்கும் ஆண் பூனைக்கும் மூன்று நிறம் வரலாம்.

ஒரு பூனை வரைந்து, உடம்பைக் கட்டம் கட்டமாகப் பிரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் காசைச் சுண்டு. தலை விழுந்தால் ஆரஞ்சு, பூ விழுந்தால் கறுப்பு. உன் ஃப்ரெண்டையும் தனியாகச் செய்யச் சொல். இரண்டு பூனையும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்த்து, படங்களை எனக்கு அனுப்பி வை.