வீடியோ கேமில் ஒரு கதாபாத்திரம் இறந்ததற்காக அழுவது இயல்புதானா?

‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ விளையாட்டில் நாம் இயக்கும் நாயகன் ஆர்தர் மார்கன் இறந்த பிறகு கன்ட்ரோலரைத் தொடவே மனம் வரவில்லை என்றும், வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள் என்றும் கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இயல்புதான், நானும் அழுதிருக்கிறேன். (முடிவு தெரியாதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.)

ஆர்தர் வெறும் துப்பாக்கிச் சண்டையில் விழுந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன். கதையின் தொடக்கத்தில், ஆர்தர் இருக்கும் கொள்ளைக் கும்பல் வட்டிக்குக் கொடுத்த பணத்தை வசூலிக்க தாமஸ் டவுன்ஸ் என்ற நோயாளியின் வீட்டுக்குப் போகிறோம். அவரை அடிப்பதற்கான பொத்தானை அழுத்துவது நம் விரல்தான். அடிபட்டவர் ஆர்தரின் முகத்தில் இருமுகிறார்; அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பல மணி நேர விளையாட்டுக்குப் பிறகு, செயின்ட் டெனிஸ் நகரத் தெருவில் ஆர்தர் சுருண்டு விழுந்து, மருத்துவர் காசநோய் என்று சொல்லும்போதுதான் அந்த இருமல் நினைவுக்கு வருகிறது. அதன் பிறகு எவ்வளவு சாப்பிட வைத்தாலும் அவன் உடம்பு தேறுவதில்லை. சினிமாவில் ஒருவன் சாவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இங்கே அந்தச் சாவுக்கான காரணத்தில் நமக்கும் பங்கு இருக்கிறது. தப்பிக்க வழியும் கிடையாது, ஏனென்றால் அந்த வசூலைச் செய்யாமல் கதை நகராது.

கதை நடக்கும் 1899-இல் காசநோய்க் கிருமி எது என்பது தெரியும். ராபர்ட் கோக் 1882-இலேயே அதைக் கண்டறிந்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது வெகு தொலைவுக் கதையும் அல்ல. இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் ஆசாரிப்பள்ளத்தில் முன்பு காசநோய் மருத்துவமனைதான் இருந்தது. என் பாட்டாவின் அண்ணன் அங்கே படுக்கையில் கிடந்ததையும், அவர் திரும்பி வந்த பிறகும் அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்திருந்ததையும் வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ரயில் நிலையத்தில் கன்னியாஸ்திரீ கால்டெரோனிடம் ஆர்தர் தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்ததற்கு, நான் ஒரு தடவைகூடப் பார்த்திராத அந்தப் பெரிய பாட்டாவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

குளச்சலில் இருக்கும் என் நண்பன் ஒருவன் இரண்டாம் முறை விளையாடத் தொடங்கியபோது, கதையை ஓரளவுக்கு மேல் நகர்த்தவே இல்லை. ஏன் என்று கேட்டேன். “அவனச் சாவ விட எனக்கு மனசில்ல மக்கா. இப்பிடியே மீனு பிடிச்சிட்டு கெடக்கட்டும்” என்றான். உலகெங்கும் பல விளையாட்டாளர்கள் இதையே செய்கிறார்கள். கும்பல் இன்னும் உடையாமல், ஆர்தர் இன்னும் இருமாமல் இருக்கும் இரண்டாம் அத்தியாயத்திலேயே வேட்டையாடிக்கொண்டு காலம் கடத்துகிறார்கள்.

நான் அப்படி நிறுத்தவில்லை. முடிவு தெரிந்தே மறுபடியும் கடைசி வரை போனேன், முதல் முறையைவிட அதிகமாகவே அழுதேன். எங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அந்தத் தெய்வம் மனிதனாக இருந்தபோது எப்படி வெட்டுப்பட்டுச் செத்தது என்பது பந்தலில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் புலவர் அந்தக் கட்டத்துக்கு வரும்போது ஆச்சிமார் சேலை முந்தியால் கண்ணைத் துடைப்பார்கள். அவர்களை யாரும் கேலி செய்து நான் பார்த்ததில்லை.

இதே துக்கம் 1997-இல் ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ விளையாடியவர்களுக்கும் வந்தது. நாயகனின் தோழியான ஏரித்தை வில்லன் செஃபிரோத் வாளால் குத்திக் கொன்ற அடுத்த கணமே ஒரு சண்டை தொடங்குகிறது. ஆனால் வழக்கமான சண்டை இசைக்குப் பதிலாக இசையமைப்பாளர் நோபுவோ உவேமட்சு அவளுக்காக அமைத்த மெட்டே அதிலும் தொடர்கிறது. விழுந்தவர்களை எழுப்பும் பொருட்கள் பையில் நிறைய இருக்கும் ஒரு விளையாட்டில் அவளை மட்டும் எழுப்ப முடியாது என்பதை நம்ப மறுத்து, பலர் ஆண்டுக்கணக்கில் இரகசிய வழி தேடினார்கள். எனக்கு அவர்கள்மேல் பரிவுதான். 2020-இல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ வெளியானபோது, முதல் பாகத்தின் நாயகன் ஜோயலைக் கொல்லும் ஆபி என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் அனுப்பியவர்களைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். ஆர்தர் போன பிறகு கதை 1907-க்குத் தாவி, அதே கும்பலில் இருந்த ஜான் மார்ஸ்டனாக நீங்கள் விளையாட வேண்டியிருக்கும். வேலி அடிப்பது, மாட்டுச் சாணம் அள்ளுவது என்று முதலில் சலிப்பாகத்தான் போகும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு, ஏனென்றால் சாவு விழுந்த வீட்டிலும் மறுநாள் மாட்டுக்குத் தீனி போட்டாக வேண்டும். மலையில் கும்பல் தோழன் சார்ல்ஸ் ஆர்தரைப் புதைத்த இடத்துக்கும் போகலாம். அங்கே “நீதியின்மேல் பசிதாகமுள்ளவர்கள் பாக்கியவான்கள்” என்னும் மலைப்பிரசங்க வசனம் பொறிக்கப்பட்டிருக்கும். நீங்கள் ஆர்தரை நல்லவனாக நடத்தியிருந்தால் சுற்றிலும் பூவும் இருக்கும். ஆர்தரின் குறிப்பேடும் ஜானிடம் வந்துவிடுகிறது, அதில் இவனும் படம் வரைகிறான். அவன் வரைந்த அழகான மான்களையும் குதிரைகளையும் பார்த்துவிட்டு, இவன் கிறுக்கி வைத்திருப்பதைப் பாருங்கள். கட்டாயம் சிரிப்பு வரும்.