லதா இல்லாமலே ஜெயித்தவர்

கே: எல்லா இந்தி இசையமைப்பாளர்களும் லதா மங்கேஷ்கரின் தேதிக்காகக் காத்துக் கிடந்த காலத்தில், ஓ.பி. நய்யார் மட்டும் அவரைக் கடைசிவரை கூப்பிடவே இல்லையாமே? என்ன சண்டை?
(வாசகர், திருச்சி)

உண்மைதான். ஒரு பாட்டுகூடக் கிடையாது. சண்டைக் கதைகள் இரண்டு மூன்று உலவுகின்றன, எனக்கு அவற்றில் ருசி இல்லை. தன் மெட்டுக்கு அந்தக் குரல் ஒத்துவராது என்று நய்யாரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சமாளிப்பு என்று நினைப்பவர்கள் ‘நயா தௌர்’ (1957) படத்தின் ‘மாங்க் கே சாத் தும்ஹாரா’வை ஒருமுறை போட்டுப் பாருங்கள். குதிரைவண்டி ஓடுகிற தாளம். ஆஷா போஸ்லே அந்த ஓட்டத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பாடுகிறார். சிரிப்பும் குறும்பும் குரலிலேயே இருக்கின்றன. இதே வரிகளை லதா பாடியிருந்தால் சுருதி இம்மியும் பிசகியிருக்காது. ஆனால் வண்டியில் போகிற பெண் கோயிலுக்குப் போகிறவள் ஆகியிருப்பாள். அந்தப் படத்துக்குத்தான் நய்யாருக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது.

ஆஷாவுக்கு முன்பு அவரிடம் கீதா தத்தும் ஷம்ஷாத் பேகமும் இருந்தார்கள். அவரைத் தூக்கிவிட்ட ‘ஆர் பார்’ (1954) படத்தில் ‘பாபுஜி தீரே சல்னா’ கீதா, ‘கபி ஆர் கபி பார்’ ஷம்ஷாத். ஆஷா உச்சத்துக்குப் போனதும் அந்த இருவருக்கும் வாய்ப்பு சுருங்கியது. கீதாவின் விஷயத்தில் அது நன்றாக இல்லை என்பது என் கட்சி. ஷம்ஷாத்தை மட்டும் அவர் அடியோடு விட்டுவிடவில்லை. ‘கிஸ்மத்’ (1968) படத்தின் ‘கஜ்ரா மொஹப்பத்வாலா’வில் பபிதா ஆண் வேஷம், பிஸ்வஜித் பெண் வேஷம். புடவை கட்டிய கதாநாயகனுக்கு யாரைப் பாட வைப்பது? ஷம்ஷாத்தின் கனத்த வெண்கலக் குரலைக் கொடுத்தார். ஆண் உடையில் இருக்கும் கதாநாயகிக்கு ஆஷா. இரண்டு பெண் குரலை வைத்துக்கொண்டு ஆண், பெண் வித்தியாசத்தைத் தலைகீழாகக் காட்டிவிட்டார் மனிதர். ஷம்ஷாத்தின் காலம் முடிந்துவிட்டது என்று ஊரே முடிவுகட்டியிருந்த நேரம் அது.

ஆளுக்காக மெட்டை மாற்றுகிற பழக்கமும் அவரிடம் இல்லை. ‘ராகினி’ (1958) படத்தில் கிஷோர் குமார்தான் நடிகர். அவர் பாடக்கூடியவர் என்பது தெரியாதா? இருந்தும் ‘மன் மோரா பாவ்ரா’வில் சாஸ்திரிய வேலை அதிகம் என்று முகமது ரஃபியைப் பாட வைத்தார். கிஷோர் வாயசைத்தார். அப்பேர்ப்பட்ட ரஃபி ஒருநாள் ஒலிப்பதிவுக்குத் தாமதமாக வந்தார் என்பதற்காக அவரையும் ஒதுக்கிவிட்டு மகேந்திர கபூரைக் கூப்பிட ஆரம்பித்தார். அது பிடிவாதம்; பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிற்பாடு ரஃபியோடு சமாதானமானார்.

ஆஷாவோடும் கடைசியில் முறிந்தது. ‘ப்ராண் ஜாயே பர் வசன் ந ஜாயே’ (1974) படத்துக்காக அவர்கள் பதிவு செய்த ‘செய்ன் சே ஹம்கோ கபீ’ படத்தில் இடம்பெறவே இல்லை. ஆஷாவுக்கு ஃபிலிம்ஃபேர் விருது மட்டும் வந்தது. வாங்க அவர் மேடைக்குப் போகவில்லை. அவர் சார்பில் வாங்கிக்கொண்டவர் நய்யார்.

கே: இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மனும் லதாவும் பேசாமல் இருந்த வருஷங்களில் நஷ்டம் யாருக்கு?
(வாசகி, மயிலாடுதுறை)

கேட்டவர்களுக்கு நஷ்டமே இல்லை. ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி சில வருஷம் நீடித்த ஊடல் அது. அந்த இடைவெளியில் நமக்குக் கிடைத்ததைப் பாருங்கள்: ‘காலா பானி’யில் (1958) ஆஷாவின் ‘நஸர் லாகி ராஜா’, ‘காகஸ் கே ஃபூல்’ (1959) படத்தில் கீதா தத்தின் ‘வக்த் நே கியா’. இந்த இரண்டாவது பாட்டை வேறொரு தொண்டையில் வைத்துக் கற்பனை செய்ய எனக்கு வரவில்லை.

1961-ல் மகன் ஆர்.டி. பர்மனின் முதல் படமான ‘சோட்டே நவாப்’புக்கு லதா பாடினார். அப்பாவும் இறங்கிவந்தார். ‘பந்தினி’யில் (1963) ‘மோரா கோரா அங்’ லதாவுக்குப் போனது. கவிஞர் குல்சாரை ஊருக்கு அடையாளம் காட்டிய பாட்டு. ஆனால் அதே படத்தில் சிறைக்குள் ஒரு பெண் பிறந்த வீட்டை நினைத்து ஏங்கும் ‘அப் கே பரஸ்’ஸை ஆஷாவிடமே வைத்துக்கொண்டார் பர்மன். எனக்கு இதுதான் உசத்தி.

கே: ‘தித்லி உடி’ பாடிய ஷாரதா தமிழ்ப் பெண்ணாமே? ஏன் நிலைக்கவில்லை?
(வாசகர், கும்பகோணம்)

தமிழ் ஐயங்கார் குடும்பம்தான். டெஹ்ரானில் ஒரு வீட்டு விருந்தில் அவர் பாடியதை ராஜ்கபூர் கேட்டார். அப்புறம் சங்கர்–ஜெய்கிஷன் இரட்டையரில் சங்கரிடம் பாடத் தொடங்கினார். ‘சூரஜ்’ (1966) படத்தின் ‘தித்லி உடி’ பட்டிதொட்டியெல்லாம் பறந்தது. அப்போது ஃபிலிம்ஃபேரில் பாடகர், பாடகி இருவருக்கும் சேர்த்து ஒரே விருது. அதே படத்தில் ரஃபி பாடிய ‘பஹாரோ ஃபூல் பர்ஸாவோ’வும் இதுவும் சமமாக வந்து நின்றன. விருது ரஃபிக்கு, ஷாரதாவுக்குச் சிறப்பு விருது. அடுத்த தடவையிலிருந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி விருது என்று ஆனது. பின்னர் ‘ஜஹா(ன்) ப்யார் மிலே’ படத்தின் ‘பாத் ஜரா ஹை ஆபஸ் கீ’ பாட்டுக்காக அவரும் முறையாகவே விருது வாங்கினார்.

நிலைக்காததற்கு லதா தரப்பைக் குற்றம் சொல்பவர்கள் உண்டு. நான் சங்கரைச் சொல்வேன். ஷாரதாவுக்குக் குழந்தைத்தனமான, கொஞ்சம் மூக்கால் வரும் தனிக் குரல். துள்ளல் பாட்டுக்கு அது கொள்ளை அழகு. சங்கரோ சோகம், தத்துவம் என்று கைக்கு வந்ததையெல்லாம் அவரிடமே கொடுத்தார். ஜெய்கிஷன் அந்தப் பக்கம் லதாவோடு தன் வழியில் போனார். கூட்டணிக்குள் விரிசல் விழ இதுவும் ஒரு காரணம்.

இதே சங்கர் ‘சோரி சோரி’யில் (1956) எப்படி நடந்துகொண்டார் தெரியுமா? அது நம் ஏவி.எம். தயாரித்த படம். ராஜ்கபூருக்கு முகேஷ்தான் பாடவேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பு நின்றதாம். மன்னா டேதான் என்று சங்கர் விடாப்பிடியாக நிற்க, ‘யே ராத் பீகி பீகி’ பதிவானது. கேட்டதும் எதிர்ப்பு அடங்கிவிட்டது. மன்னா டேயே சொன்ன கதை இது.

கே: முகேஷ் என்றால் ராஜ்கபூர், ராஜ்கபூர் என்றால் முகேஷ். ஒப்புக்கொள்கிறீர்களா?
(வாசகர், பெங்களூர்)

இசையமைப்பாளர் நௌஷாத் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ‘அந்தாஸ்’ (1949) படத்தில் திலீப் குமாருக்கு முகேஷ், ராஜ்கபூருக்கு ரஃபி. நன்றாகத்தான் இருந்தது.

கே: ஒரே ஒரு இசையமைப்பாளர்–பாடகர் ஜோடியைச் சொல்லச் சொன்னால்?
(வாசகி, மதுரை)

மதன்மோகன்–லதா என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மதன்மோகன்–தலத் மஹ்மூத். ‘ஜஹான் ஆரா’ (1964) எடுத்தபோது தலத்துக்கு மார்க்கெட் இல்லை, எல்லோரும் ரஃபி பக்கம் போயாகிவிட்டது. தயாரிப்புத் தரப்பும் தயங்கியது. மதன்மோகன் பிடித்த பிடியை விடவில்லை. ‘ஃபிர் வஹி ஷாம்’ பாட்டில் சொற்களின் முடிவில் தலத்தின் குரல் லேசாக நடுங்கும். மெட்டே அந்த நடுக்கத்துக்கு இடம்விட்டுப் போட்டதுபோல இருக்கும். படம் என்னவோ ஓடவில்லை.

கே: நௌஷாத் இசையில் கிஷோர் குமார் எத்தனை பாட்டு பாடியிருக்கிறார்?
(வாசகர், சேலம்)

ஒன்று. ‘சுனஹரா சன்சார்’ (1975), ஆஷாவோடு ‘ஹலோ ஹலோ க்யா ஹால் ஹை’. கேட்டுப் பாருங்கள், ஏன் ஒன்றோடு நின்றது என்று தெரிந்துவிடும்.