அனனியா என்னும் பெயர்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நெடுநாள் காத்திருப்புக்குப் பிறகு எங்களுக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான். தானியேலின் தோழர்களுள் ஒருவரான அனனியாவின் பெயரை அவனுக்கு வைக்க நானும் என் மனைவியும் விரும்பினோம். என் பெரியம்மாவோ, “காணிக்கைப் பணத்தில் பொய் சொல்லி விழுந்து செத்தவன் பெயரையா பிள்ளைக்கு வைப்பது?” என்று கடிந்துகொள்கிறார்கள். இரண்டும் ஒரே பெயர்தானா? அதன் பொருள் என்ன? ஆங்கிலத்தில் இரு வகையாக எழுதப்படுகிறதே, எதைக் கொள்வது?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

மகன் பிறந்ததற்கு வாழ்த்துகள். இரண்டும் ஒரே பெயர்தான் என்பதில் உங்கள் பெரியம்மா சொல்வது சரி. ஆங்கில வேதாகமம் பழைய ஏற்பாட்டில் எபிரெய வடிவத்தை ஒட்டி ‘ஹனனையா’ என்றும், புதிய ஏற்பாட்டில் கிரேக்க வடிவத்தை ஒட்டி ‘அனனியாஸ்’ என்றும் எழுதுவதால், அதைப் படிப்பவர்கள் இவற்றை வெவ்வேறு பெயர்களாக எண்ணிவிடுகிறார்கள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்போ எல்லா இடத்திலும் அனனியா என்றே எழுதுகிறது.

எபிரெயத்தில் இது ஹனன்யா. முதற்பகுதி அருளுதல், இரங்குதல் என்னும் பொருளுடைய வினை; ஈற்றிலுள்ள ‘யா’ இஸ்ரவேலர் தங்கள் தேவனுக்கு வழங்கிய திருப்பெயரின் சுருக்கம். ‘கர்த்தர் அருளினார்’ என்று முற்றுப்பெற்ற ஒரு வாக்கியமாகவே இது அமைகிறது. அவ்வாக்கியத்தின் எழுவாய் குழந்தை அல்ல, கர்த்தர்; அதைச் சொல்பவர்கள் பெற்றோர். பிள்ளை எத்தகையவனாக வளர்வான் என்பதைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை, தங்களுக்கு என்ன அருளப்பட்டது என்பதையே அறிவிக்கிறது. இதே இரு சொற்களை முன்பின்னாக மாற்றி வைத்தால் யோகனான், அதாவது நம் யோவான், கிடைக்கும். அன்னாள் என்ற பெயரும் அந்த வேரிலிருந்து வந்ததே. தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் யோவானை அருளப்பர் என்று அழைத்ததும், ஓரியூரில் 1693-இல் உயிர்நீத்த போர்த்துகீசிய மறைப்பணியாளர் ஜான் (அதாவது யோவான்) தே பிரிட்டோ அருளானந்தர் ஆனதும் இப்பொருளை அறிந்து செய்தவை. கார்த்தேஜின் படைத்தலைவன் ஹன்னிபாலின் பெயரிலும் இதே அருள்தான் இருக்கிறது, ஆனால் அங்கே அருளியவர் அந்நகரத்தார் வணங்கிய பாகால் என்னும் தெய்வம்.

இப்பெயர் எருசலேமைத் தலைநகராகக் கொண்ட பண்டைய யூதா நாட்டில் மிகப் பரவலாக வழங்கியது. அதன் தென்பகுதியிலிருந்த ஆராத் கோட்டையில் கிடைத்த, கி.மு. 600-ஐ ஒட்டிய மட்கல ஓடுகளில் ஒன்று, திராட்சரசமும் கழுதைச் சுமையும் அனுப்புவது குறித்த கட்டளையில் ஹனன்யாகு என்ற ஒருவரைக் குறிப்பிடுகிறது. ‘யாகு’ என்பது அக்கால யூதேயாவின் நீண்ட வடிவம். அந்த ஓடுகளை வெளிக்கொணர்ந்து வாசித்த தொல்லியலாளரின் பெயர் யோகனான் அகரோனி என்பதை எண்ணி நான் சிரித்துக்கொண்டதுண்டு. 1956-இல் தொடங்கித் தொல்லியலாளர் ஜேம்ஸ் பிரிட்சார்ட் அகழ்ந்த கிபியோனில், அதாவது இன்றைய எல்-ஜிப்பில், சாடிகளின் கைப்பிடிகளில் அவ்வூரின் பெயரோடு ஹனன்யாகு என்ற பெயரும் பொறிக்கப்பட்டுக் கிடைத்தது.

எரேமியா 28-ஆம் அதிகாரத்தில் வரும் அனனியாவும் அதே கிபியோன் ஊரார்தான். கைப்பிடியில் உள்ளவர் இவர் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆயினும், உங்கள் பெரியம்மா அஞ்சவேண்டுமென்றால் அப்போஸ்தலர் நடபடிகளின் அனனியாவைவிட இவரைக் கண்டே அஞ்சியிருக்க வேண்டும். யூதாவின் ராஜாவான சிதேக்கியா அரசாண்ட நான்காம் ஆண்டில், ஏறத்தாழ கி.மு. 594-இல், ஆலயத்தில் ஜனங்கள் அனைவரும் பார்த்திருக்க, பாபிலோன் ராஜாவின் நுகம் முறிக்கப்பட்டது என்றும், அங்கே கொண்டுபோகப்பட்ட ஆலயப் பணிமுட்டுகள் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவரும் என்றும் கர்த்தரின் பெயரால் அறிவித்து, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா தீர்க்கதரிசி கழுத்தில் பூண்டிருந்த நுகத்தை எடுத்து உடைத்தவர் அவர். அவ்வறிவிப்பைக் கேட்டதும் எரேமியா அவரைப் பொய்யன் என்று கூறவில்லை. ஆமென், அப்படியே ஆகட்டும் என்றார். எவ்வளவு உண்மையான ஆமென் அது! தன் மக்கள் நல்ல செய்தியைக் கேட்கவேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. பின்னரே, மர நுகத்தை உடைத்தாய், அதற்குப் பதில் இரும்பு நுகம் வரும் என்ற வாக்கு அவருக்கு உண்டாயிற்று. அனனியா அந்த ஆண்டின் ஏழாம் மாதத்தில் இறந்தார். அவர் பெயர் அருளைச் சொன்னது, அவரும் அருளையே சொன்னார், ஆனால் அச்செய்தி அவருக்கு அருளப்பட்டதன்று.

நீங்கள் விரும்பிய தானியேலின் தோழருக்கோ பாபிலோனில் அப்பெயரே மாற்றப்பட்டு, சாத்ராக் என்று வைக்கப்பட்டது. சிறைப்பட்டவரின் பெயரில் அவருடைய தேவனின் பெயரும் இருந்ததை நினைத்தால் அம்மாற்றத்தின் கனம் விளங்கும். இதற்கு மாறாக, எகிப்தில் நைல் நதித் தீவான எலிபன்டைனில் இருந்த யூதப் படையினருக்குப் புளிப்பில்லா அப்ப நாட்களை எவ்வாறு ஆசரிப்பது என்று கி.மு. 419-இல் அரமேயத்தில் கடிதம் எழுதிய அனனியா, பாரசீக ஆட்சியின் கீழும் அதே பெயரோடுதான் இருந்தார்.

அப்போஸ்தலர் நடபடிகளில் மட்டும் மூவர் உள்ளனர். ஒருவர் நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்த சப்பீராளின் கணவர். இன்னொருவர் பவுலின் வாயில் அடிக்கச் சொன்ன பிரதான ஆசாரியர், கி.பி. 66-இல் நீர்க்கால்வாயில் ஒளிந்திருந்தபோது பிடிபட்டுக் கிளர்ச்சிக்காரர்களால் கொல்லப்பட்டதாக யோசேப்பு என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். மூன்றாமவர் தமஸ்குவின் அனனியா. விசுவாசிகளைத் துன்புறுத்திவந்த சவுலை, அதாவது பின்னாளைய பவுலை, தேடிப் போகும்படி கர்த்தர் சொன்னபோது, அந்த மனிதன் செய்த பொல்லாங்குகளைக் கேள்விப்பட்டிருக்கிறேனே என்று தயங்கியவர், போனபின் சொன்ன முதல் சொல் ‘சகோதரனாகிய சவுலே’ என்பது. கொல்ல வந்தவனைச் சகோதரன் என்று அழைத்த அந்த ஒருவரை உங்கள் பெரியம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். பழைய தமஸ்குவில் அவர் பெயரிலான சிற்றாலயம் இன்றும் தரைமட்டத்துக்குக் கீழே உள்ளது.

ஆகவே தாராளமாக வையுங்கள்; நெடுநாள் காத்திருந்து பெற்ற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியம் இல்லை. ஆங்கிலத்தில் பழைய ஏற்பாட்டு எழுத்துக்கூட்டலையே கொள்ளுங்கள். புதிய ஏற்பாட்டு வடிவம் அம்மொழியில் பொய்யனைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டதால், பள்ளியில் பிள்ளைக்கு வீண் கேலி வரக்கூடும். தமிழில் அனனியா என்றே எழுதலாம்.