மேல்தகட்டில் 'லைக்கா' என்று இருக்கும் கேமரா உண்மையில் சோவியத் தயாரிப்பா என எப்படி அறிவது?

எழுத்தை நம்பாதீர்கள், லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். அடிவளையத்தைப் பிடித்து இடஞ்சுழியாகத் திருப்பினால் 39 மி.மீ. மரை கழன்றுவிடும். உள்ளே மேல்பக்கம் ரேஞ்ச்ஃபைண்டர் (ஃபோகஸுக்காகத் தூரம் அளக்கும் அமைப்பு) கை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் உருளும் வட்டச் சக்கரம் இருந்தால் லைக்கா. ஆப்பு போன்ற கெட்டி உலோகத் துண்டு என்றால் ஃபெட் அல்லது ஸோர்க்கி, அதாவது ஜெர்மன் லைக்காவைப் பார்த்துச் செய்த சோவியத் கேமரா. போலி செய்பவர்கள் வெளியே செதுக்குவார்கள், இந்தக் கையைப் பெரும்பாலும் தொடுவதில்லை. நாஜி கழுகுச் சின்னம், தங்க முலாம் எல்லாம் இருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும்.

லென்ஸும் காட்டிக்கொடுக்கும். லைக்காவின் அசல் எல்மார் லென்ஸில் அபெர்ச்சர் இதழ்கள் (ஒளி நுழையும் துளையைக் கூட்டிக் குறைப்பவை) முதல் கண்ணாடிக்குப் பின்னாலேயே இருக்கும். எல்மார் வேஷம் போட்ட சோவியத் லென்ஸான இண்டஸ்டார்-22 என்றால் இரண்டாவதற்குப் பின்னால், இன்னும் உள்ளே தெரியும்.

ஃபெட் 1934 முதல் கார்கிவில் தயாரானது. ஸோர்க்கி 1948 முதல் மாஸ்கோ அருகே கிராஸ்னோகோர்ஸ்க் ஆலையில். ஸோர்க்கி-4 போன்ற பிந்தைய மாடல்களில் பாடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இரு இலக்கம் பெரும்பாலும் ஆண்டு: 73 என்றால் 1973. ஃபெட் எண்ணை அப்படிப் படிக்க முடியாது. மேல்தகட்டை மறுபடி செதுக்கியிருந்தால் பாடி எண்ணே பயனில்லை.

போருக்கு முந்தைய ஃபெட் என்றால் அதனுடன் வந்த லென்ஸைப் பிரிக்காதீர்கள். அன்று லென்ஸ் இருக்கைத் தூரம் (லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை) 28.8 மி.மீ. என்று நிலைப்படவில்லை, ஒவ்வொரு பாடிக்கும் தனியே பொருத்தினார்கள். வேறு லென்ஸ் போட்டால் ஃபோகஸ் தப்பலாம்.