பனியில் போன திராட்சை: கொடுத்த முன்பணம் கிடைக்குமா?

கேள்வி: நான் திண்டுக்கல்லில் பழ மொத்த வியாபாரி. நாசிக் மாவட்டம் நிபாடில் ஒரு தோட்டக்காரரிடம் 8 டன் தாம்சன் சீட்லெஸ் திராட்சைக்கு 6 லட்சம் முன்பணம் கொடுத்தேன். ஜனவரி உறைபனியில் காய் வெடித்துவிட்டது என்கிறார். பல வருடப் பழக்கம். இப்போது போனையே எடுப்பதில்லை. தப்பிய 2 டன்னையும் வேறு ஆளுக்கு விற்றுவிட்டார். மோசடிப் புகார் கொடுக்கலாமா? நட்டஈடு கிடைக்குமா?

பதில்: பழக்கம், போன், அவமானம் எதுவும் வழக்குக்கு உதவாது. ஒப்பந்தத்தில் வெறுமனே "8 டன் திராட்சை" என்றிருந்தால், பனி அவருக்குச் சாக்காகாது. வெளியில் வாங்கியாவது தர வேண்டும். நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலில் தோட்டத்தின் சர்வே எண் இருக்கிறது. அதாவது அந்தத் தோட்டத்துத் திராட்சைக்குத்தான் ஒப்பந்தம். குறிப்பிட்ட தோட்டத்து விளைச்சல் அவர் தவறில்லாமல் அழிந்தால், அந்த அளவுக்கு நட்டஈடு கேட்க முடியாது. 1876-ல் ஹவல் எதிர் கூப்லண்ட் என்ற உருளைக்கிழங்கு வழக்கிலிருந்து நிற்கும் விதி இது. ஆனால் முன்பணம் அவருடையதாகிவிடாது: ஒப்பந்தச் சட்டம் 65-வது பிரிவின்படி திருப்பித் தர வேண்டும். தப்பிய 2 டன் உங்களுக்கு வந்திருக்க வேண்டிய சரக்கு. கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையிலுள்ள பலமே அதுதான். அந்த விற்பனைச் சீட்டின் நகலை இப்போதே தேடுங்கள்.

மோசடிப் புகார் வேண்டாம். இதில் விழுந்த கட்சிக்காரர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டாவிட்டால், அது வெறும் ஒப்பந்த மீறல் என்று முதல் தகவல் அறிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிடும். பனி பெய்த தோட்டத்தில் அந்த எண்ணத்தை எப்படிக் காட்டுவீர்கள்? ஸ்டேஷனுக்கு நடந்து நடந்து, "கூப்பிட்டு விசாரிக்கிறோம்" என்ற பேச்சை நம்பி மூன்று வருடத்தைத் தொலைப்பார்கள். உரிமையியல் வழக்கின் காலக்கெடுவும் அதே மூன்று வருடம். போலீசில் காத்திருந்த நாட்களை நீதிமன்றம் கழித்துத் தராது. அதன்பின் என்னிடம் வந்தால், நான் செய்ய ஒன்றும் இருக்காது.

"அடுத்த சீசனில் கழித்துக்கொள்ளலாம்" என்று வாட்ஸ்அப்பில் சம்மதிப்பதும் ஆபத்து. பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதியது போட்டதாக அவர் வக்கீல் வாதிடுவார். மறுபடியும் பனியை நம்பி நிற்பீர்கள்.

சமரசம் செய்துகொள்ளுங்கள். 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்பதால், அவசர இடைக்கால உத்தரவு கேட்காதவரை, வழக்குக்கு முன் மத்தியஸ்தம் கட்டாயம். அங்கே லாப நஷ்டக் கணக்கை விட்டுவிட்டு, முன்பணத்தை மட்டும் கேளுங்கள். தவணையாகத் தந்தாலும் சரி. ஆனால் பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு, தவணைத் தேதிகளோடு அவர் கையெழுத்துப் போட வேண்டும்.